ஹேர் பேட்ச் போட்டால் அன்றாடம் எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான்: வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முன்னந்தலையிலும் உச்சியிலும் முடி போய்விட்டது. மருந்து எடுத்தும் போதிய பலன் இல்லை, அறுவை சிகிச்சைக்கு மனம் வரவில்லை. சென்னையில் வேலை, தினமும் பைக். ஹேர் பேட்ச், அதாவது வழுக்கையை மறைக்க மண்டையில் பொருத்தும் முடித் துண்டு, போட்டால் குளிப்பது, தூங்குவது, வியர்ப்பது, ஹெல்மெட் மாட்டுவது எல்லாம் எப்படி இருக்கும்? மாதத்துக்கு எவ்வளவு வேலை வைக்கும்?

பேட்ச் ஒட்டிய முதல் நாள் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். அது கடைக்காரரின் கைவேலை. பதினைந்தாம் நாள் எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் வேலை. பேட்சைப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால், முடி செயற்கையாகத் தெரிந்தது என்று சொல்பவர் குறைவு. அரிப்பு, வாடை, முன்விளிம்பு எழும்புவது, எதற்கெடுத்தாலும் கடைக்கு ஓட வேண்டியிருப்பது, இவைதான் காரணமாக வரும். அதனால் வாங்கும் முன்பே ஒரு முடிவு எடுங்கள்: கழற்றுவது, சுத்தம் செய்வது, திரும்ப ஒட்டுவது மூன்றையும் நானே கற்றுக்கொள்வேன் என்று. முதல் தடவை மூன்று மணி நேரம் ஆகலாம். கை பழகிவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். இதைக் கற்றுக்கொள்ள விருப்பமே இல்லை என்றால், இரவில் கழற்றி வைக்கும் கிளிப் வகையோடு நிறுத்திக்கொள்வது உங்கள் தோலுக்கு நல்லது.

முதலில் பேஸ். முடி பின்னப்பட்டிருக்கும் அந்த மெல்லிய அடித்துணியைத்தான் பேஸ் என்கிறோம். அன்றாட அனுபவத்தில் பாதியை அதுவே தீர்மானிக்கிறது. லேஸ் என்பது வலைத்துணி. காற்று போகும், வியர்வை வெளியேறும், முன்விளிம்பு தோலோடு கலந்து தெரியும். ஆனால் பசை கண்ணிகளுக்குள் புகுந்துவிடும், சுத்தம் செய்வது மெனக்கெட்ட வேலை. ஸ்விஸ் லேஸ் மிக மெல்லியது, மூன்று நான்கு மாதம் வரும். பிரெஞ்சு லேஸ் கொஞ்சம் கனம், பார்த்துக்கொண்டால் நான்கிலிருந்து ஆறு மாதம். பாலி அல்லது ஸ்கின் என்பது பாலியூரித்தேன் படலம். 0.03 மி.மீ. அளவுக்கு மெல்லியதும் உண்டு, 0.10 மி.மீ.க்கு மேல் தடித்ததும் உண்டு. மெல்லியது ஒட்டினால் தோல் போலவே இருக்கும், ஒன்றிரண்டு மாதத்தில் கிழிந்துவிடும். 0.06 முதல் 0.08 வரை உள்ளது இரண்டிலிருந்து நான்கு மாதம் தாங்கும். பேட்சைப் பிடித்துவைக்கும் இருபக்க டேப்பை ஒட்டவும் துடைக்கவும் பாலிதான் சுலபம், ஆனால் வியர்வைக்கு வெளியேற வழியே இல்லை. மோனோ என்பது தடித்த நைலான் வலை. ஆறு மாதத்துக்கு மேலும் உழைக்கும், முன்விளிம்பு மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போலப் புழுங்கும் கடலோர ஊர்களில் முழு பாலி பேஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. முன்பக்கமும் நடுவும் லேஸ், பக்கங்களிலும் பின்னாலும் ஓர் அங்குல அகலத்துக்குப் பாலிப் பட்டை, இந்தக் கலப்பு வகைதான் இங்கே பொருத்தம். டேப் பாலியின் மேல் நிற்கும், வியர்வை நடுவில் ஆறும். கடைகளில் இதற்கு மிராஜ், கியூ-6 என்று பல பெயர்கள் சொல்வார்கள். கடைக்குக் கடை பெயர் மாறுவதால் பெயரைக் கேட்காமல், எந்த இடத்தில் லேஸ், எந்த இடத்தில் பாலி, பாலியின் கனம் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முடியின் தரம் அடுத்தது. திருமலையில் பக்தர்கள் காணிக்கை தரும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அப்படி ஒரே தலையிலிருந்து மொத்தமாக மழித்தெடுத்த முடியில் வேர்ப்பக்கம் ஒரு திசை, நுனி ஒரு திசை என்று வரிசை கலையாமல் பிரித்துக் கட்ட முடியும். அதைத்தான் ரெமி என்கிறார்கள். இன்னொரு வகை, சீப்பில் சிக்கியதைச் சுருட்டி வைத்து, தெருவில் பாத்திரத்துக்கு மாற்றாக வாங்கிப் போகிறார்களே, அந்த உதிர்முடி. வேரும் நுனியும் கலந்து கிடப்பதால் முடியின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய செதில்கள் எதிரும் புதிருமாக உரசிச் சிக்கு விழும். அதற்காக அமிலத்தில் முக்கிச் செதிலை நீக்கி, சிலிகான் பூசி விற்பார்கள். கடையில் தடவிப் பார்த்தால் பட்டு மாதிரி இருக்கும். சில தலைக்குளியலில் சிலிகான் கழுவிப் போனதும் வைக்கோல். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது: ஒரு கற்றையை விரலிடுக்கில் பிடித்து வேரிலிருந்து நுனிக்கும், பிறகு நுனியிலிருந்து வேருக்கும் உருவுங்கள். இரண்டாவது திசையில் இலேசாகச் சொரசொரத்தால் செதில் இருக்கிறது. இரு திசையிலும் ஒரே வழவழப்பு என்றால் பூச்சு. நரை கலந்த பேட்ச் வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நரை இழை பெரும்பாலும் செயற்கை இழையாக இருக்கும். சூடான அயர்ன் பட்டால் சுருண்டு கருகும்.

அடர்த்தியில்தான் பலரும் ஆசைப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். 130 சதவீதம் என்று கேட்டு வாங்கினால் தலையில் தொப்பி வைத்தது போலத்தான் இருக்கும். பக்கத்து முடி மெலிந்திருக்கும்போது மேலே மட்டும் காடாக இருந்தால் எவருக்கும் சந்தேகம் வரும். ஆண்களுக்கு 90 முதல் 110 போதும். முன்விளிம்பில் அதைவிடக் குறைவாக, ஒவ்வொரு முடியாகப் பின்னியிருக்க வேண்டும். முன்விளிம்பை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு: புருவ மத்தியிலிருந்து நான்கு விரற்கடை, ஏறத்தாழ 7 முதல் 8 செ.மீ. புருவத்தை உயர்த்தினால் நெற்றி சுருங்குமே, அந்தச் சுருக்கம் முடியும் இடத்துக்கும் மேலேதான் பேட்ச் தொடங்க வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் முகம் அசையும்போதெல்லாம் விளிம்பு மடங்கி ஒரே வாரத்தில் எழும்பிவிடும். இரு ஓரங்களிலும் கொஞ்சம் உள்வாங்கியே இருக்கட்டும். பதினெட்டு வயதுப் பையனின் நெற்றி நாற்பது வயது முகத்துக்கு ஒட்டாது. நம்மவர்களுக்குக் கடை நிறப் பட்டியலில் 1பி என்ற மென்கறுப்பு பெரும்பாலும் பொருந்தும். சுத்தக் கறுப்பான 1 வெயிலில் நீலம் பாய்ந்தது போல் தெரியும்.

பொருத்தும் முறைகளைக் கடைகளில் கிளிப், டேப்பிங், பாண்டிங், வீவிங் என்று பிரிப்பார்கள். கிளிப் என்றால் பேஸின் ஓரத்தில் தைத்த நான்கைந்து சிறு கிளிப்புகள் உங்கள் சொந்த முடியைக் கவ்விக்கொள்ளும். அதற்கு ஓரத்தில் இரண்டு மூன்று செ.மீ. நீள முடி வேண்டும். மண்டையை மழிக்கத் தேவையில்லை, இரவில் கழற்றலாம். ஆனால் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இழுத்தால் அந்த இடத்திலும் முடி கொட்டும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பாகித் திரும்ப வளராது. எனவே கிளிப்பின் இடத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தைக்கச் சொல்லுங்கள். வீவிங் என்பது சொந்த முடியைப் பின்னி அதில் பேட்சைத் தைப்பது. அடியில் கழுவவே முடியாது, வேருக்கும் இழுவை. அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சம் டேப்பும் (டேப்பிங்) பசையும் (பாண்டிங்).

ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு சோதனை செய்யாமல் இறங்காதீர்கள். பசையிலும் டேப்பிலும் இருப்பது அக்ரிலேட் வகைப் பொருட்கள். சிலருக்கு ஒவ்வாமை வரும், முதல் முறையிலேயே வராமல் ஆறு மாதம் கழித்தும் வரலாம். முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசி 48 மணி நேரம் விடுங்கள். சிவந்தாலோ கொப்பளித்தாலோ அந்தப் பொருள் உங்களுக்கு இல்லை. லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசுகிற கடையானால், என்ன பசை என்று பெயரோடு கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டில் பொருள் ஒட்டும் உடனடிப் பசையைத் தலையில் வைக்கவே கூடாது. தோல் வெந்து போகும்.

இப்போது ஒட்டும் வேலை. பேட்ச் உட்காரும் இடத்தில் உள்ள சொந்த முடியை டிரிம்மரால் ஒட்ட வெட்டுங்கள். ரேசர் வைத்தால் நுண்ணிய கீறல் விழும், அதன்மேல் ஆல்கஹாலும் பசையும் பட்டால் எரியும். ரேசர்தான் வேண்டும் என்றால் முதல் நாளே மழித்துவிடுங்கள். கண்டிஷனர் போடாமல் தலையை ஷாம்பூவால் கழுவித் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் இருமுறை துடையுங்கள். பஞ்சில் மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அந்த மஞ்சள் தோல் எண்ணெய், அது மிச்சமிருந்தால் எந்த டேப்பும் நிற்காது. நன்றாகக் காய்ந்த பின் ஸ்கால்ப் புரொடெக்டர் திரவத்தை மெல்லியதாக ஒரு பூச்சு, ஐந்து நிமிடம் காய விடுங்கள். அது வியர்வையைக் கொஞ்சம் தடுக்கும், தோலுக்கும் பசைக்கும் இடையே ஒரு படலமாகவும் நிற்கும்.

பக்கங்களுக்கும் பின்பக்கத்துக்கும் டேப். பேஸின் பாலிப் பட்டையில் விளிம்பிலிருந்து ஒரு மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். வெளியே துருத்தினால் அதில் தூசியும் பனியன் நூலும் அப்பிக் கறுப்புக் கோடாகிவிடும். ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஏறக் கூடாது. ஏறின இடம் மேடாகித் தெரியும், கழற்றும்போதும் படுத்தும். வாக்கர் நிறுவனத்தின் நீலத் தாள் டேப் லேஸுக்கு மென்மையானது, எளிதில் உரியும். அல்ட்ரா ஹோல்டு பிடிப்பில் வலுவானது, கழற்றும்போது பசையை இளக்கும் திரவமான சொல்வென்ட் அதிகம் கேட்கும்.

முன்விளிம்புக்குப் பசை. கோஸ்ட் பாண்ட் போன்ற தண்ணீர்ப் பசைகள் பூசும்போது வெள்ளையாக இருந்து, காயக் காயக் கண்ணாடி போலாகும். இங்கே அவசரம் உதவாது. சிறு பிரஷ்ஷால் மிக மெல்லிய பூச்சு ஒன்று, வெள்ளை முழுதும் மறையும்வரை பொறுங்கள். ஏசி அறையில் நான்கைந்து நிமிடம், மழைக்காலத்து ஈரக் காற்றில் பத்து நிமிடம்கூட ஆகும். ஹேர் டிரையரில் குளிர்காற்று வைத்தால் சீக்கிரம் காயும். இப்படி மூன்று அல்லது நான்கு பூச்சு, எல்லாம் தோலின்மேல். லேஸின்மேல் பசை பூசாதீர்கள், கண்ணி வழியாக மேலேறி முடி வேரில் பளபளக்கும். அரைகுறையாகக் காய்ந்த பசையின்மேல் பேட்சை வைப்பதுதான் மூன்றே நாளில் முன்பக்கம் எழும்புவதற்கான முதல் காரணம். உள்ளே மாட்டிய தண்ணீர் வெளியேற இடமில்லாமல் பசை பால் மாதிரி குழம்பி நிற்கும்.

மூக்கு நேர்க்கோட்டில் நெற்றியில் புருவப் பென்சிலால் ஒரு புள்ளி, பேட்சின் முன்விளிம்பின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். முடி முழுவதையும் பின்னால் வாரிக் கட்டி, அந்த இரு புள்ளிகளைப் பொருத்தி முன்விளிம்பை முதலில் இறக்குங்கள். பிறகு பாய் விரிப்பது போல் பின்னோக்கி இறக்கிக்கொண்டே போக வேண்டும். பேஸை இழுத்து நீட்டாதீர்கள். இழுத்து ஒட்டிய லேஸ் இரவோடு இரவாகச் சுருங்கி விளிம்பைத் தூக்கும். சீப்பின் முதுகால் இரண்டு நிமிடம் அழுத்திவிட்டால் முடிந்தது. அடுத்த 24 மணி நேரம் தலையில் தண்ணீர், ஜிம், வெயிலில் அலைச்சல் எதுவும் வேண்டாம். சனிக்கிழமை இரவில் ஒட்டினால் ஞாயிறு முழுவதும் ஓய்வு கிடைக்கும் என்பதால் அந்த நேரம் பலருக்கும் வசதி.

குளியல் பற்றி. கழுத்துக்குக் கீழே எப்போதும் போல. தலைக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, சல்பேட் இல்லாத ஷாம்பூ. ஷாம்பூவை உள்ளங்கையில் தண்ணீர் கலந்து நுரைத்து, நெற்றியிலிருந்து பின்கழுத்துத் திசையில் மட்டும் தடவுங்கள். நகத்தால் சொறிவதோ வட்டமாகத் தேய்ப்பதோ கூடாது. கண்டிஷனர் முடியின் நடுவிலிருந்து நுனி வரை மட்டும். வேரில் பட்டால் முடியைப் பேஸோடு கட்டிய முடிச்சு இளகி முடி உதிரும், பசையும் வழுக்கும். பேட்ச் முடிக்குத் தலைத்தோலின் எண்ணெய் வந்து சேர்வதில்லை என்பதால் கண்டிஷனரைத் தவிர்க்கவும் முடியாது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் பகுதிகளில், கடைசி இரண்டு குவளை மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு படிந்து முடி முரடாவது கண்கூடாகக் குறையும். துண்டால் ஒற்றி எடுத்து, பேஸ் முழுதும் காய்ந்த பிறகே படுக்க வேண்டும். ஈர பேஸோடு தூங்குவதால்தான் அந்தப் புளித்த வாடை வருகிறது. சென்ட் அடித்தால் போகாது, உலர்த்தினால் போகும்.

எண்ணெய்க் குளியலை விட மனமில்லாதவர்கள் உண்டு. விட வேண்டாம், நாளை மட்டும் மாற்றுங்கள். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பசையை இளக்கிவிடும். ஆகவே பேட்சைக் கழற்றும் நாளையே எண்ணெய் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி, வெறும் மண்டையில் எண்ணெய் தேய்த்து ஊறிக் குளித்து, அன்றிரவு தலையைக் காற்றாட விட்டு, மறுநாள் ஷாம்பூ, ஆல்கஹால் என்று எண்ணெய் முழுவதும் போக்கி ஒட்டலாம். தீபாவளி விடியற்காலைக்கும் இதே ஏற்பாடுதான். பேட்ச் தலையில் இருக்கும்போது சீயக்காய், அரப்புப் பொடி போடாதீர்கள். துகள் லேஸ் கண்ணியில் போய் உட்கார்ந்தால் பொடுகு போலவே தெரியும்.

நீச்சல் குளம், கடல் என்றால் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்து இலேசாகக் கண்டிஷனர் தடவுங்கள். ஏற்கனவே நனைந்த முடி குளோரினையும் உப்பையும் குறைவாகவே உறிஞ்சும். ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். ராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக ஊற்றும் தண்ணீரைப் புதிதாக ஒட்டி மூன்று நான்கு நாள் ஆன பேட்ச் தாங்கும், பத்து நாள் ஆனது தாங்காது. குற்றால அருவிக்கு நேர் கீழே மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள். தண்ணீரின் எடை விளிம்பைக் கிளப்பும், முடிச்சுகளையும் பிடுங்கும். தோளில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டில் கவனிக்க வேண்டியது உராய்வின் திசை. பேட்சின் விளிம்பு நெற்றியைப் பார்த்து இருக்கிறது. நெற்றியிலிருந்து பின்னோக்கி எது அழுத்தி உரசினாலும் அது விளிம்பைக் கிளப்பும். மாட்டும்போது பின்தலையில் முதலில் வைத்து முன்பக்கமாக இறக்குங்கள். கழற்றும்போது வார்களை இருபுறமும் விரித்துப் பிடித்து, பின்பக்கத்தை முதலில் உயர்த்தி முன்னோக்கி எடுங்கள். உள்ளே வழுவழுப்பான சாட்டின் துணியை இறுக்கமில்லாமல் கட்டிக்கொண்டால் உரசல் துணியோடு நின்றுவிடும். பருத்திக் கைக்குட்டை வியர்வையை வாங்கும், ஆனால் முடியைப் பிடித்து இழுக்கும். ஹெல்மெட் அளவு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். விபத்தில் கழன்று போகும் ஹெல்மெட்டால் பயனில்லை. தலையணை உறைக்கும் சாட்டின்தான் நல்லது, பின்னந்தலையில் சிக்கு குறையும்.

வெளியே இருக்கும்போது முன்விளிம்பு எழும்பினால் விரலால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், விரல் எண்ணெய் அதை இன்னும் கெடுக்கும். பையில் நான்கு பொருள் போதும்: ஆல்கஹால் பேட், டிஷ்யூ, இரண்டு செ.மீ. அளவுக்கு வெட்டிய டேப் துண்டுகள் சில, சிறு கண்ணாடி. வியர்வையை ஒற்றி, எழும்பிய இடத்துத் தோலை மட்டும் துடைத்து, ஒரு நிமிடம் காய விட்டு, டேப்பை வைத்து அழுத்தினால் வீடு வரை தாங்கும். பழைய பசையின்மேல் புதுப் பசை பூசினால் அன்றைக்கு நிற்கும், இரண்டு நாளில் மொத்தமாகக் குழம்பும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழற்றுவது? மாதம் ஒருமுறை சர்வீஸ் என்று பல கடைகளில் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது மிக நீண்ட இடைவெளி. ஏப்ரல், மே, ஜூனில் பத்து நாள், மற்ற மாதங்களில் இரண்டு வாரம், இதற்கு மேல் போகாதீர்கள். டேப் இன்னும் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது என்பது காரணமே ஆகாது. பிடித்திருப்பது டேப், அடியில் இருப்பது உங்கள் தோல். இறந்த செல்லும் எண்ணெயும் வியர்வையும் அங்கே இரண்டு வாரமாகச் சேர்ந்திருக்கின்றன.

கழற்றும்போது இழுக்கவே கூடாது. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த சி-22 போன்ற சொல்வென்டையோ 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ முன்விளிம்பு நெடுகத் தெளித்து, மூன்று நிமிடம் பொறுங்கள். நெற்றியில் ஒரு துணிப்பட்டை கட்டிக்கொண்டால் கண்ணில் வழியாது. இவை தீப்பற்றும் பொருட்கள், அருகில் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது. விளிம்பு தானாக இளகும். பிரஷ்ஷால் இன்னும் கொஞ்சம் தடவித் தடவிச் சுருட்டிக்கொண்டே போனால் வலியில்லாமல் வந்துவிடும். வலித்தால் சொல்வென்ட் போதவில்லை என்று அர்த்தம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைத் தொடாதீர்கள், பாலி பேஸ் நெளிந்து கெட்டுவிடும், தோலும் வறளும். பேஸில் ஒட்டியிருக்கும் டேப்பை உரித்து, மிச்சப் பசையில் சொல்வென்ட் தெளித்து ஐந்து நிமிடம் ஊற விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்து, ஷாம்பூவில் அலசி, நிழலில் காயப் போடுங்கள். இரண்டு பேட்ச் வைத்து மாற்றி மாற்றிப் போடுபவர்களுக்கு இந்த வேலையில் பதற்றமே இல்லை. ஒன்று கிழிந்தாலும் மறுநாள் அலுவலகத்துக்கு வழி இருக்கும்.

கழற்றியபின் குறைந்தது ஓர் இரவு தலை வெறுமையாக இருக்கட்டும். பொடுகு, செதில் உள்ளவர்கள் அந்த இடைவெளியில் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசலாம். நல்ல வெளிச்சத்தில் மண்டையைப் போட்டோ எடுத்துப் பாருங்கள். மயிர்க்கால்களில் சீழ் வைத்த சிறு கொப்பளங்கள், டேப் ஒட்டிய வடிவத்திலேயே சிவப்பு, நீர் கசிவு, வட்டமாகச் செதில், இவற்றில் எது தெரிந்தாலும் ஒட்டாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். டேப் வடிவத்துச் சிவப்பு பெரும்பாலும் ஒவ்வாமை. அதை அப்படியே மூடி ஒட்டினால் புண்ணாகும். திடீரென்று வட்ட வட்டமாக முடி கொட்டுபவர்கள், சொரியாசிஸ் உள்ளவர்கள், காரணம் கண்டறியாமல் பேட்ச் போடவே கூடாது. கீமோதெரபியால் முடி இழந்தவர்களுக்குப் பசையும் டேப்பும் சரிவராது. தோல் அப்போது மிகவும் நொய்ந்திருக்கும். மென்மையான உள்துணி வைத்த முழு விக்தான் அவர்களுக்கு உகந்தது.

முடி வளரத் தரும் மினாக்ஸிடில் மருந்தைத் தடவிக்கொண்டே பேட்ச் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒட்டும் வகையோடு ஒத்துவராது. அந்தத் திரவத்தில் உள்ள ஆல்கஹாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் பசையை இளக்கும். தடவி உடனே மூடினால் மருந்து தோலுக்குள் அதிகமாக இறங்கவும் கூடும், அது இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும் மருந்து. இரவில் கழற்றும் கிளிப் வகையானால் இரவில் தடவிக் காலையில் கழுவிவிடலாம். இல்லையென்றால் மாத்திரை வழியை மருத்துவரிடம் பேசுங்கள்.

நிறம் மங்குவது தவிர்க்க முடியாதது. வெயில் பட்டு ஏழெட்டு வாரத்தில் செம்பட்டை ஏறத் தொடங்கும், பக்கத்துச் சொந்த முடி கறுப்பாகவே இருப்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அம்மோனியா இல்லாத சாயத்தை, பேட்சைக் கழற்றி வைத்து, வேரிலிருந்து அரை அங்குலம் விட்டுப் பூசுங்கள். பேஸில் சாயம் பட்டால் மண்டையில் கறை தெரியும், முடிச்சும் வலுவிழக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பக்கமுடியை வெட்டியாக வேண்டும், ஏனெனில் அது வளரும், மேலே உள்ளது வளராது. பேட்ச் தெரிந்த ஒருவரிடமே வெட்டுங்கள். தெரியாதவர் கத்தரி போட்டு மேல்முடியை ஒரு தடவை மெலிதாக்கிவிட்டால் அந்தப் பேட்ச் அவ்வளவுதான்.

பணக் கணக்கை வருடத்துக்குப் போடுங்கள். பேட்ச் 15,000 ரூபாய், வருடத்துக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் 45,000. மாதம் இருமுறை கடையில் சர்வீஸ், ஒரு தடவைக்கு 1,000 என்றால் இன்னொரு 24,000. மொத்தம் 69,000. அதே வேலையை வீட்டில் செய்து பசை, டேப், சொல்வென்டுக்கு மாதம் 500 செலவழித்தால் 51,000. உங்கள் கடை சொல்லும் விலையை இதில் போட்டுப் பாருங்கள். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று எவராவது சொன்னால் எதற்கு உத்தரவாதம் என்று எழுத்தில் கேளுங்கள். எந்த லேஸுக்கும் வாழ்நாள் கிடையாது.

வீட்டு விஷயங்கள் சில. கல்யாணப் பேச்சு நடந்தால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பெண்ணிடம் நேரில் சொல்லிவிடுங்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பத்து நாளுக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலையை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். சொன்ன பிறகு பின்விளிம்பைப் பார்த்து ஒட்டித்தர ஒரு கை கிடைக்கும், அதுவே பெரிய உதவி. குலதெய்வக் கோயில் மொட்டை, வீட்டில் சாவு நேர்ந்து மழிக்க வேண்டிய நிலை, இவை உறவினர் கூட்டத்தின் நடுவே வரும். நெருங்கிய ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் தவிக்க வேண்டியிராது. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் முன் உலோகக் கிளிப் வைத்த பேட்சைக் கட்டாயம் கழற்ற வேண்டும். ஒட்டிய வகையானாலும் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து தருபவருக்கும் தெரிய வேண்டும்.

ஒரு நாள் போதும் என்று தோன்றினால் நிறுத்துவதில் உடம்புக்கு எந்தச் சிக்கலும் இல்லை. தோல் ஆரோக்கியமாக இருந்து, இழுவை இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தால், பேட்சை நிறுத்தியதால் முடி புதிதாகக் கொட்டாது. பேட்ச் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருக்கும், ஓரத்தில் கோடு தெரியும். நீண்ட விடுமுறை ஒன்றில் கழற்றி, பக்கமுடியை 3 மி.மீ. அளவுக்கு வெட்டிவிட்டு, மண்டைக்குச் சன்ஸ்கிரீன் போட்டுக் காலை வெயிலில் நடந்தால் சில வாரங்களில் நிறம் சமமாகிவிடும்.